நீர் வடியும் கண்ணும் வறண்ட கண்ணாக இருக்கலாம்

"கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது, பார், ஏதும் தெரிகிறதா?" என்று மாலை வேளையில் பிள்ளைகளை அழைத்துக் கண்ணை விரித்துக் காட்டும் தாய்மார்கள் நம் இல்லங்களில் அநேகர். பிள்ளையும் வெளிச்சத்தில் நிறுத்தி இமையைப் புரட்டிப் பார்க்கும். தூசியும் இராது, முடியும் இராது. "ஒன்றுமில்லை உம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். உறுத்தல் மட்டும் போகாது. மறுநாள் மாலையும் அதே மணல், அதே எரிச்சல். போதாததற்குக் கண்ணிலிருந்து நீர் வேறு வடியத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். நீர் வடிகிற கண்ணை வறண்ட கண் என்று யார்தான் நினைப்பார்கள்? சூடு என்பார்கள், தூக்கமின்மை என்பார்கள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்பார்கள். மருந்துக் கடைக்கு ஆளனுப்பி, கண் சிவப்பை நீக்கும் சொட்டு மருந்தொன்றை வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். இரண்டு நாள் கண் வெண்மையாகத் தெரியும். மூன்றாம் நாள் முன்னிலும் சிவக்கும். இப்படியே ஆண்டுக் கணக்கில் குப்பி மாற்றிக் குப்பி வாங்குவோர் உண்டு. ஆகவே இம்மாதம் கண்ணின் நீர் வறட்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

கண்ணீர் என்றாலே அழும்போது வழிவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நாம் சிரிக்கும்போதும், சமைக்கும்போதும், தொழும்போதும் கண்ணின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் எந்நேரமும் பரவியே இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறுகள்தாம். இவ்வளவு மெல்லிய படலத்திற்குள்ளும் மூன்று பொருள்கள் அடங்கியிருக்கின்றன. கண்ணை ஒட்டிய அடிப்பகுதியில் சளி போன்ற ஒரு பசை. நீர் கண்ணோடு ஒட்டிப் பரவுவதற்கு அது வேண்டும். நடுவில் உப்புக் கலந்த நீர். மேலிமைக்கு மேற்புறத்தில், கண்குழியின் வெளி ஓரத்தில் அமைந்துள்ள கண்ணீர்ச் சுரப்பி அதைத் தருகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக எண்ணெயால் ஆன மிக மெல்லிய போர்வை. நீர் காற்றில் ஆவியாகாமல் காப்பது அதன் வேலை.

இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. நம் இமைகளின் ஓரத்தில், முடிகளுக்குச் சற்று உட்புறமாக, வரிசையாகச் சுரப்பிகள் இருக்கின்றன. மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் உண்டு. 1666இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மெய்போம் இவற்றை விவரித்ததால் மெய்போமியன் சுரப்பிகள் என்றே இன்றும் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவை சிறிதளவு எண்ணெயைக் கசியவிடுகின்றன. இமை அதை எடுத்துக் கண் முழுவதும் பூசிவிடுகிறது. உருக்கிய நெய் போல் தெளிவாகக் கசிய வேண்டிய அந்த எண்ணெய், சிலருக்குப் பற்பசை போல் கெட்டியாகிச் சுரப்பியின் வாயை அடைத்துக்கொள்கிறது. போர்வை இல்லாத நீர் சில நொடிகளில் ஆவியாகிவிடுகிறது. கண்நீர் வறட்சியுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எண்ணெய்க் குறைபாடு ஓரளவேனும் இருக்கிறது. நீரே குறைவாகச் சுரப்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தவர்களும் உண்டு.

அப்படியானால் நீர் ஏன் வடிகிறது? படலம் உடைந்து கண்ணின் மேற்பரப்பு காய்ந்ததும், அங்குள்ள நரம்புகள் "எரிகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெங்காயம் நறுக்கும்போது நடப்பது போலவே, கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. கொட்டிய நீர் கன்னத்தில் வழிகிறதேயன்றி, எண்ணெய்ப் போர்வை இல்லாததால் கண்ணில் தங்குவதில்லை. கண் மீண்டும் காய்கிறது, மீண்டும் கொட்டுகிறது. கூரையில் ஓட்டையிருக்கும் வீட்டில் பெருமழை பெய்தும் குடத்தில் நீர் சேராத கதைதான் இது.

எப்படி அறிந்துகொள்வது?

உறுத்தல், எரிச்சல், நூல் போன்ற பீளை, இமை கனத்தல் ஆகியன பொதுவான அறிகுறிகள். இவற்றைவிடத் துப்புத் தருவது ஒன்று உண்டு. படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்து மங்கும். இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தால் தெளியும். சற்று நேரத்தில் மீண்டும் மங்கும். குர்ஆன் ஓதும்போதும், தையல் வேலையின்போதும், கைப்பேசியைப் பார்க்கும்போதும் இப்படி நேர்ந்தால் பழியைக் கண்ணாடியின் மேல் போடாதீர்கள். சாதாரணமாக நிமிடத்திற்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் நாம், ஒன்றை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதும் பல வேளைகளில் அரைகுறையாகவே நிற்கிறது. மாலை நேரத்திலும், மின்விசிறிக் காற்றிலும், குளிரூட்டிய அறையிலும் தொல்லை கூடினால் ஐயம் மேலும் வலுப்படும். காலையில் எழுந்தவுடன் மிகுதியாக இருந்தால், உறங்கும்போது இமை முழுவதும் மூடாமல் சிறிது திறந்திருக்கிறதா என்று வீட்டார் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரிப்புதான் முதன்மையாக இருக்கிறது, கசக்கிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை, வறட்சி அன்று. இரண்டிற்கும் மருந்து வேறு.

மருத்துவர் இதை உறுதிசெய்யச் செய்யும் சோதனைகள் எளியவை, வலியில்லாதவை. கண்ணில் மஞ்சள் சாயத்தை இட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்ப்பார். பத்து நொடிக்கு முன்பே உடைந்தால் குறைபாடு என்று பொருள். இன்னொன்று, 1903இல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் வகுத்த முறை. இன்றும் வழக்கில் உள்ளது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள உறிஞ்சுதாள் துண்டொன்றைக் கீழிமையில் மாட்டி ஐந்து நிமிடம் விடுவார்கள். தாள் 5 மில்லிமீட்டர் கூட நனையவில்லையென்றால் நீர்ச் சுரப்பு மிகக் குறைவு.

யாருக்கு வருகிறது என்று கேட்டால், மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்களையே முதலில் சொல்ல வேண்டும். வீட்டில் அவர்களுடைய முறையீட்டிற்குத்தான் செவி குறைவாகக் கிடைக்கிறது என்பதும் நம் எண்ணம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களுக்குக் கண்ணோடு வாயும் வறண்டு, தண்ணீரின்றி ரொட்டி விழுங்க முடியாமல், மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. 1933இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் தம் ஆய்வேட்டில் விவரித்த நோய் அதுவாக இருக்கலாம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இவர்கள் கண் மருத்துவரோடு நின்றுவிடாமல் மூட்டு, வாத நோய் மருத்துவரையும் காண வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள், தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள், கண்புரை அறுவையோ பார்வைத் திருத்த லேசர் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள், காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் ஆகியோருக்கும் வறட்சி மிகுதி. தும்மலுக்கும் அரிப்புக்கும் உண்ணும் ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் போன்றவையும் கண்ணை வறளச் செய்யும். உண்ணும் மாத்திரைகளின் பெயர்களைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்களின் நிலை தனி. வெளியே வெப்பமும் மணற்காற்றும். உள்ளே அறையிலும் வாகனத்திலும் ஈரத்தை உறிஞ்சிய குளிர்காற்று. விடுமுறையில் ஊருக்கு வந்ததும் கண் எரிச்சல் குறைந்து, திரும்பிச் சென்றதும் தொடங்குகிறது என்றால் காரணம் தேடி அலைய வேண்டாம். குளிர்காற்று வரும் வாயை முகத்திலிருந்து திருப்பி வைப்பது, வெளியில் செல்லும்போது பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி அணிவது ஆகிய இரண்டும் காசில்லாத அல்லது குறைந்த செலவிலான வைத்தியம். காற்றின் வாய் கண்ணுக்கு நேராக இருக்கும்வரை எத்தனை சொட்டு ஊற்றினாலும் நிற்காது.

வீட்டில் செய்ய வேண்டியவை

எண்ணெய் அடைப்பே பெருங்காரணமாக இருப்பதால், அதை இளக்குவதே முதல் வேலை. சுத்தமான துணியைப் பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் வையுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும்; மீண்டும் நனைத்து வைக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் வரை இவ்வாறு ஒத்தடம் கொடுத்தபின், மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரல் நுனியால் மென்மையாக நீவிவிட வேண்டும். விழியை அழுத்தக் கூடாது. பிறகு இமைமுடிகளின் அடியைச் சுத்தமான ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே பொடுகு போன்ற செதில்கள் படிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒத்தடம் சூடு தாங்காமல் தோலைச் சுட்டுவிடக் கூடாது. குறிப்பாக நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு மற்றவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்த பின்பே கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒத்தடம் இரண்டு நாளில் பயன் தருவதில்லை. நாள் தவறாமல் சில வாரங்கள் செய்தால்தான் வேறுபாடு தெரியும். அதன்பிறகும் விட்டுவிட்டால் அடைப்பு திரும்பும். பல் துலக்குவது போல் அன்றாட வழக்கமாக்கிக்கொள்பவர்களே இதனால் நலம் காண்கிறார்கள்.

இமைப்பதையும் பழக வேண்டியிருக்கிறது. திரையையோ புத்தகத்தையோ பார்க்கும்போது இடையிடையே கண்ணை முழுமையாக மூடி, இரண்டு நொடி நிறுத்தி, திறந்து, மறுபடி மூடித் திறங்கள். இருபது நிமிடத்திற்கு ஒரு முறை பார்வையைத் தொலைவில் செலுத்துங்கள். கணினித் திரை கண் மட்டத்திற்குச் சற்றுத் தாழ்வாக இருந்தால் இமை தாழ்ந்து, கண் திறந்திருக்கும் பரப்பு குறையும்.

அடுத்தது சொட்டு மருந்து. செயற்கைக் கண்ணீர் என்ற பெயரில் கிடைப்பவை ஈரத்தை நிறுத்தும் பொருள்கள் கலந்தவை. நோயின் வேரை அறுப்பவை அல்ல, தொல்லையைத் தணிப்பவை. ஆயினும் அவசியமானவை. நாளைக்கு நான்கு முறைக்கு மேல் இட வேண்டியவர்கள், கெடாமல் காக்கும் பொருள் சேராத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. பென்சால்கோனியம் குளோரைடு என்ற அப்பொருள் அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே அரிக்கும். ஆனால் அது சேராத மருந்தில் கிருமி புகுந்தால் தடுக்க ஒன்றுமில்லை என்பதால் தூய்மையில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீரைப் பயன்படுத்தியதன் தொடர்பில் 81 பேர் நோயுற்றதாகவும், அவர்களில் 14 பேர் பார்வை இழந்ததாகவும், 4 பேர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. குப்பியின் நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது. ஒரே குப்பியை வீட்டில் இருவர் பயன்படுத்தக் கூடாது. திறந்த தேதியை அதன் மேல் எழுதிவைத்து, உறையில் குறிப்பிட்ட காலம் முடிந்ததும், பொதுவாக ஒரு மாதத்தில், தூக்கியெறிந்துவிட வேண்டும். மருந்து மிச்சமிருக்கிறதே என்ற சிக்கனம் இங்கே வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமில்லை, கன்னத்திற்குத்தான் போகும்.

சிவப்பை நீக்கும் சொட்டுகள் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்பவை மட்டுமே. விட்டதும் முன்னிலும் சிவக்கும் என்பதை மேலே கண்டோம். அதைவிடக் கொடியது, மருத்துவர் எப்போதோ எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீட்டைக் காட்டிக் காட்டித் தொடர்ந்து வாங்குவது. எரிச்சல் உடனே அடங்கும், அதனால்தான் ஆபத்து. மாதக் கணக்கில் ஊற்றினால் கண்ணின் நீரழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு அழிந்து, வலியே இல்லாமல் பார்வை பறிபோகலாம். அப்படி அழிந்த நரம்பைத் திரும்பப் பெற முடியாது. கண்புரையும் முன்கூட்டியே விழும். வறட்சியின் அழற்சியைத் தணிக்க மருத்துவர்கள் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தைத் தருவதுண்டு. 2002 இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதை இந்நோய்க்கு அனுமதித்தது. பயன் தெரிய மாதங்கள் ஆகும், தொடக்கத்தில் எரியும். அதற்கஞ்சி இடையில் நிறுத்துவோர் பலர்.

மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 535 பேர் ஓராண்டு கலந்துகொண்டனர். நாளொன்றுக்கு 3000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் கொழுப்பு உண்டவர்களுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க ஆலிவ் எண்ணெய் உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மத்தி மீன் சாப்பிடுவது உடலுக்கு நல்லது, சாப்பிடுங்கள். கண்ணுக்கென்று மாத்திரைக்குப் பணம் செலவிடுமுன் யோசியுங்கள்.

தாய்ப்பால், தேன், பன்னீர், பூச்சாறு, கருஞ்சீரக எண்ணெய் என்று கண்ணில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுமாறு தாய்மார்களை மிகவும் வேண்டிக்கொள்கிறோம். உணவாகவும் மருந்தாகவும் இவற்றுக்குள்ள சிறப்பை நாம் மறுக்கவில்லை. கிருமி நீக்கப்படாத எப்பொருளும் காய்ந்து கீறலுற்ற கருவிழியில் புண்ணை உண்டாக்கக்கூடும் என்பதே நம் அச்சம். குழாய்த் தண்ணீரைக் கண்ணுக்குள் அள்ளி அடிப்பதும் அவ்வாறே. இருக்கிற எண்ணெய்ப் படலத்தையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். ஒளுவில் முகத்தைக் கழுவும்போது கண்ணை மூடிக்கொள்ளலாமே.

சுர்மா இடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்மித் என்பது அஞ்சனக்கல். ஆனால் சுர்மா என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் பலவற்றில் ஈயக் கலவை இருப்பது பல நாடுகளின் சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடானது. ஆகவே பச்சிளங்குழந்தைகளின் கண்ணில் இன்னதென்று தெரியாத பொடியைத் தீட்ட வேண்டாம். பெரியவர்களாயினும் வறட்சி உள்ளவர்கள் சுர்மாவையோ மையையோ இமையின் உள்விளிம்பில் தீட்டினால், சொல்லிவந்த அந்த எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயைத் தம் கையாலேயே அடைக்கிறார்கள்.

ரமளானில் மருந்தை நிறுத்த வேண்டுமா?

பகலில் நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சிச் சொட்டு மருந்தை ஒரு மாதம் முழுவதும் நிறுத்திவிடுவோர் நம்மில் உண்டு. வறட்சிக்காரர்களுக்கு இது தொல்லை. கண் நீரழுத்த நோய்க்கு மருந்திடுபவர்களுக்கோ பார்வைக்கே ஆபத்து. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறிவதில்லை. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்திருக்கிறது. அதன் பின்னும் மனம் ஒப்பாதவர்கள் மருந்திட்டவுடன் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவது பெரிதும் குறையும். ஐயமிருந்தால் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். கேட்காமலேயே நிறுத்துவதுதான் தவறு. இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையே தண்ணீரைப் போதிய அளவு பருகுவதும், வெந்நீர் ஒத்தடத்தை இரவுக்கு மாற்றிக்கொள்வதும் நோன்பாளிகளுக்கு எளிது.

சிறு பிள்ளைகளின் கண் வறண்டு தோன்றினால் அதை இதுவரை சொன்னவற்றோடு சேர்க்காதீர்கள். மாலையில் மங்கிய வெளிச்சத்தில் பிள்ளை தடுமாறுகிறதா, வெண்விழியில் நுரை போன்ற சாம்பல் நிறத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். இவை வைட்டமின் ஏ குறைபாட்டின் அடையாளங்கள். குழந்தைகளுக்கு அச்சத்தைத் துளிகளாகப் புகட்டும் திட்டம் நம் நாட்டில் 1970 முதல் நடைபெற்று வருகிறது. தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முருங்கைக்கீரை, மாம்பழம், முட்டை ஆகியன வீட்டுணவில் இருக்கட்டும்.

பெரியவர்களிலும் வீட்டு வைத்தியத்திற்குக் காத்திராமல் அன்றே ஓட வேண்டிய நிலைகள் உண்டு. கண்ணில் கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமை, இமைத்தாலும் தெளியாத மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அது வறட்சி என்று இருந்துவிடக் கூடாது. முகவாதத்தால் ஒரு பக்கத்து இமை மூடாதவர்களும், மாத்திரை ஒவ்வாமையால் உடலெங்கும் கொப்புளம் கண்டு கண்ணும் சிவந்தவர்களும் அப்படியே. நீரிழிவு நீண்ட நாள் இருப்பவர்களுக்குக் கருவிழியின் உணர்ச்சி மங்கியிருக்கும். புண் இருந்தும் உறுத்தாது. அவர்களுக்குத் தொல்லை தெரியாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை வேண்டும். போகும்போது வீட்டில் இதுவரை வாங்கிச் சேர்த்த சொட்டு மருந்துக் குப்பிகள் அனைத்தையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.